பதினேழாவது பேர்

முதல் நாள் சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் சிவகாசிப் பக்கம் செல்போன் டவர்கள் செத்துவிட்டன. மறுநாள் காலை பத்து மணிக்கு விஸ்வநத்தம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது, யார் பிழைத்தார் என்று கேட்டுச் சொல்ல ஒரு போனும் வேலை செய்யவில்லை. மிஞ்சியது, பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்களின் வயர்லெஸ் பெட்டிகள்தான்.

முகம்மது யூசுப்புக்கு காலண்டர் அச்சடிக்கிற தொழில். பன்னிரண்டு வருஷமாக வயர்லெஸ் பைத்தியம். "நான் கூப்பிட்டா காதுல விழாது, சிலோன்காரன் கூப்பிட்டா மட்டும் விழுமாக்கும்" என்று அவர் மனைவி கைருன்னிசா குத்திக்காட்டாத நாள் கிடையாது. அன்று அவளேதான் பெட்டியைக் கையில் திணித்து காயம்பட்டவர்களைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு அவரை விரட்டினாள்.

கம்பெனி வாசலில் இன்னொரு பெட்டியோடு நின்றவன் எலக்ட்ரீஷியன் பிரபாகரன். உள்ளே வேலைக்குப் போனவர்களின் சொந்தபந்தம் அவனை மொய்த்திருந்தது. அவன் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதிய பட்டியலில் யூசுப் தேடிப் பதில் சொன்னார். பதினாறு பேர் முடிந்தது. அதில் ஆறு பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். வேலுத்தாய் என்ற பேர் இல்லை. அதைக் கேட்டு அவள் புருஷன் சீனிச்சாமி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"பதினேழு. ரோஜா, வயசு முப்பத்தொண்ணு" என்ற பிரபாகரன் கொஞ்சம் நிறுத்தினான். "எம் பொண்டாட்டிதான் பாய். ஓவர்."

பாவிப்பயல், இவ்வளவு நேரம் அந்தப் பேரை வாய்க்குள் அடக்கிக்கொண்டா ஊரார் பேரை வாசித்தான்? யூசுப் பட்டியலில் விரலை ஓட்டித் தேடினார். நாலாம் கட்டில், ரோஜா. முகத்திலும் கையிலும் தீக்காயம். உயிருக்கு ஆபத்தில்லை.

"இருக்கா தம்பி. நல்லாருக்கா. நீ கெளம்பி வா."

பெட்டியில் அவன் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இங்கன இன்னும் நெறையப் பேரு நிக்கிறாக பாய். அவுக பேரையும் சொல்லி முடிச்சுட்டு வாரேன்" என்றான்.

அரைமணி நேரம் கழித்துத்தான் யூசுப்புக்கு நாலாம் கட்டிலுக்குப் போக ஒழிந்தது. முகமெல்லாம் கட்டு. தலைமாட்டில் கருகிய அடையாள அட்டை.

"ரோஜா, ஒம் புருஷன் வந்துருவான்மா."

"நான் ரோஜா இல்ல பாய்" என்றாள் அவள் மெதுவாக. "வேலுத்தாய்."

போன வாரம்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். அட்டை இன்னும் வரவில்லை. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலையில் வேனில் வரும்போது, "வாட்ச்மேனுக்கு எம் மூஞ்சி தெரியும், நீங்க போட்டுக்கிடுங்கக்கா" என்று ரோஜாதான் தன் அட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். அந்த வேனில் அது தினமும் நடக்கிற ஒத்தாசை. நர்ஸ் அட்டையைப் பார்த்து எழுதினாள். அவள் எழுதியதைப் பார்த்து யூசுப் வாசித்தார். நாலு எட்டு நடந்து வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ரோஜா எங்கம்மா?"

"வெடிமருந்து கலக்குற ரூம்ல இருந்தா. அந்த ரூமே இல்ல பாய்."

யூசுப் வராண்டாவுக்கு வந்தார். இதை வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். பொய்யைச் சொன்னது தன் வாய்.

"பிரபாகரா, நான் தப்பா வாசிச்சுட்டேன்யா" என்று தொடங்கி, அட்டை மாறியதையும், அந்த ரூம் இல்லை என்று வேலுத்தாய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பேச்சு முடிந்தது என்கிற ஓவரைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.



"வேலுத்தாய் அக்கா பேசுறாகளா பாய்?" என்று கேட்டான் பிரபாகரன்.

"பேசுறாக."

"சீனிச்சாமி அண்ணன் இன்னும் மண்ணுலதான் ஒக்காந்திருக்காரு. மொதல்ல அவருகிட்டச் சொல்லிட்டு வாரேன்."