முழங்கால் உயரக் கட்டை

கட்டை முழங்கால் உயரம்தான். அதைத் தடை என்று சொன்னால் கோழிகூடச் சிரிக்கும். ஆனால் அந்த முழங்கால் உயரத்துக்கு முன்னால்தான் குதிரை இரண்டு சவாரி வகுப்புகளாக முறுக்கிக்கொண்டு நின்றது. ஓடி வரும், காதை விறைக்கும், நாலு காலையும் மணலில் ஊன்றி நிற்கும். அப்புறம், எனக்குரிய மரியாதை எங்கே என்று கேட்பதுபோல் சுற்றுமுற்றும் பார்க்கும். லாயத்தில் எல்லோரும் அதை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு வயது ஐந்து. ஆள் ஏற விட்டதே போன வருடம்தான், தாண்டுவது இப்போதுதான் ஆரம்பம். அதன் முதுகில் இருந்தவளுக்கு நாற்பத்தாறு. ஒரு காலத்தில் கோப்பை வாங்கியவள். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குதிரையிலிருந்து விழுந்து, காறை எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து லாயத்துப் பிள்ளைகளுக்கு அவள் பிளேட்டக்கா. மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. மறுபடியும் தாண்டப் போகிறேன், அதுவும் நானே வாங்கிய, பழகாத இந்தக் குதிரையில்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, அறிவுரை சொல்லாத ஆளே பாக்கியில்லை.

எல்லோரையும்விட அதிகம் சொன்னவர் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். தான் சரிசெய்த லிஃப்டையே நம்பாமல் படியேறி வருகிற மனிதர். இதுவரை லாயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், இன்று தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

“இன்னைக்கும் அது நின்னுச்சுன்னா, இல்ல நீ விழுந்தேன்னா, இதோட முடிச்சுக்கலாம். குதிரையை எடுத்துக்கச் சொல்லி பண்ணைக்காரர்கிட்ட பேசிட்டேன். சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு.”

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இருபது வருடம் குடித்தனம் நடத்தியும், அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வகுப்பு தொடங்கியது. மாப்பிள்ளை ஓடி வந்தது, நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. மைதானத்தின் நடுவிலிருந்து கோச் தொண்டை கிழியக் கத்தினாள். “அழுத்துங்க அக்கா! காலை விடாதீங்க!” பிளேட்டக்காவைவிடப் பத்து வயது இளையவள், ஆனால் அந்தக் குரலுக்கு லாயத்து நாய்கூட எழுந்து உட்காரும்.

மூன்றாம் முறையும் நின்றதும், வேலியில் சாய்ந்திருந்த, அங்கே சவாரி பழகும் சட்டக் கல்லூரி மாணவி ஆரம்பித்தாள். “நான் வேணா ஒரு தடவை ஏறித் தாண்டிக் காட்டட்டுமா?”

“அதுவும் நல்லதுதான் அக்கா,” என்றாள் கோச். “ஒரு தடவை தாண்டிட்டா அதுக்குப் பயம் போயிடும்.”

“இறங்கிடு,” என்றார் கணவர் வேலிக்கு வெளியிலிருந்து. “சரியான பயந்தாங்கொள்ளிக் குதிரை.”

அவளுக்குச் சுருக்கென்றது. பழி யார் மேல் விழுகிறது பார்! அவளுக்குத் தெரியும். கட்டை நெருங்க நெருங்க அவளுடைய இடது கை, தகடு வைத்த பக்கத்துக் கை, அவளைக் கேட்காமலே பின்னால் வருகிறது. கடிவாள வாரை இழுக்கிறது. குதிரையின் வாயிலிருக்கும் இரும்பு அதன் தாடையில் இடிக்கிறது. போ என்று காலால் சொல்லிவிட்டு, போகாதே என்று கையால் சொன்னால் பாவம் அது எதைக் கேட்கும்? நிற்கத்தான் செய்யும். இரண்டு வகுப்புகளாக இதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். பயம் என்று ஒப்புக்கொண்டால் இறக்கிவிடுவார்களே என்ற பயம்.

“குதிரை பயப்படல,” என்றாள் உரக்க. “நான்தான் பயப்படறேன். கடைசி நேரத்துல நான்தான் வாரை இழுக்கறேன். அதைக் குத்தம் சொல்லாதீங்க.”

அவள் வாரை முடிச்சுப்போட்டு குதிரையின் கழுத்தில் தளரவிட்டாள். குனிந்து பிடரி மயிரை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். முதல் நாள் வகுப்புக்கு வரும் குழந்தைகள் அப்படித்தான் பிடிக்கும். சட்டக் கல்லூரிக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

“அக்கா, வாரை விட்டா எங்க வேணாலும் ஓடிடும்!” என்று கத்தினாள் கோச்.

“எங்க ஓடும்? வேலியைத் தாண்டியா? இந்தக் கட்டையவே தாண்டலையே!”

மாப்பிள்ளை ஓடியது. வாயில் எதுவும் இடிக்கவில்லை. காது விறைத்தது, ஒரு கணம் தயங்கியது, பிறகு எழும்பியது. எழும்பியது என்றால் சாதாரணமாக இல்லை. முழங்கால் உயரக் கட்டைக்கு ஆள் உயரச் சுவரைத் தாண்டுகிற பாய்ச்சல். ஒரு பின்னங்கால் மட்டும் மறந்துபோய்க் கட்டையைத் தட்டிவிட்டது. கீழே வந்த அதிர்ச்சியில் அவள் கால்கள் அங்கவடியிலிருந்து நழுவின. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சதூரம் தொங்கிவிட்டு, மணலில் தொப்பென்று விழுந்தாள்.

மாப்பிள்ளை வால் தூக்கி ஒரு சுற்று ஓடியது. கோச் அதைப் பிடிக்கப் போனாள். கணவர் எப்படி வேலி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. ஓடிவந்து அவள் தோளைத் தடவினார்.

“எங்க வலிக்குது? எங்க?”

“உக்கார்ற இடத்துல,” என்றாள், வாயிலிருந்த மணலைத் துப்பியபடி. “தாண்டிடுச்சு, பாத்தீங்கல்ல?”

“விழுந்துட்டல்ல? பேசினது பேசினதுதான்.”

“யார் பேசினது? நீங்க பேசினீங்க. நான் எப்ப சரின்னு சொன்னேன்?”

அவர் முகம் சுருங்கியது. “நாலு மாசம் உனக்குத் தலை வாரிவிட்டவன் நான்,” என்றார்.

அது உண்மை. கை தூக்க முடியாமல் கிடந்த நாட்களில் தினமும் வாரிவிட்டார். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. அந்தக் கோணல் வகிட்டோடுதான் அவள் மருந்தகத்துக்குப் போனாள், திருத்திக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகியது. ஆனால் இளகினால் குதிரை போய்விடும்.

“வாரிவிட்டீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காகத் தலையவே உங்ககிட்ட எழுதிக் குடுத்துட முடியுமா?”

அவள் எழுந்து நொண்டிக்கொண்டே போய், கோச் பிடித்திருந்த குதிரையில் ஏறினாள். மேலிருந்தபடியே அவரைப் பார்த்தாள்.

“அந்தக் கட்டையை எடுத்து வைங்க.”

அவர் அதைத் தூக்கி, கம்பத்தில் முன்பு இருந்ததற்கு ஒரு துளை கீழே கொக்கியை மாட்டி வைத்தார்.

“பழைய துளையில வைங்க.”

“ஒரு துளைதானே கம்மி? விழுந்து எழுந்திருக்க...”

“அது தாண்டின உயரத்தைக் குறைக்காதீங்க.”

முனகிக்கொண்டே ஏற்றி வைத்தார். அவள் இன்னும் நகரவில்லை.

“பண்ணைக்காரருக்குப் போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிடுங்க.”

“சரி, முதல்ல நீ தாண்டு. அப்புறம்...”

“இல்ல. தாண்டினா என்னோடது, தாண்டலைன்னா அவரோடதா? நின்னாலும் விழுந்தாலும் இது என் குதிரை. இப்பவே சொல்லுங்க.”

மாப்பிள்ளை மணலைக் கீறியது. கோச் வேறு பக்கம் பார்த்தாள். கணவர் பையிலிருந்து போனை எடுத்தார். கட்டைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்.

“ஐயா, நான்தான். சாயங்காலம் வர வேண்டாம்.” எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் தலை நிமிர்ந்து குதிரையின் மேலிருந்தவளைப் பார்த்தார். “இல்லீங்க, தாண்டினதால இல்ல. அவ குடுக்க மாட்டேங்கறா.”

அவள் பிடரியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“தள்ளி நில்லுங்க,” என்றாள்.