ஸஹாரியின் மஞ்சள் சுவர்

என் மனைவி ரலிட்சாவுக்கு நிறங்களில் கூர்மையான கண். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். ரூசே நகரத்தில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை அவளுக்கு. யாராவது பழைய கதவுச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், கடையிலிருக்கும் இயந்திரம் யோசித்து முடிப்பதற்குள் இவள் கலவையைச் சொல்லிவிடுவாள். கூடவே ஒரு உபதேசமும் உண்டு. கடைக்குள் குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பாருங்கள் என்பாள். அந்த உபதேசத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிப்பேன்.

வீட்டுக்கு வந்தால் கணினி. 'வெள்ளைக்கல்' என்று ஓர் இணைய விளையாட்டு. நாடு முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்து, சதுரக் கட்டிகளை அடுக்கி ஒரு நகரத்தையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் குடிசை போட யாருக்கும் தடையில்லை. நகரத்தின் நடுவில் கட்ட வேண்டுமென்றால் மட்டும் கட்டுநர் பதவி வேண்டும், அதற்கு முன்னால் பயிற்சிக் கட்டுநராக இருந்து தேற வேண்டும். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நாளெல்லாம் நிஜக் கட்டடத்துக்குள் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு இந்தப் பொய்க் கட்டடத்தின் மேல் என்ன மரியாதை இருக்கும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கிண்டல் பண்ண மனசு வராது. கடையில் யாரும் அவளைப் பாராட்டியதில்லை. அந்தப் பதவி ஒன்றைத்தான் அவள் தனக்கென்று ஆசைப்பட்டாள்.

பயிற்சியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பயிற்சிக்காரர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் கட்டுவதை மற்றவர் மட்டும்தான் பார்க்கலாம். தேர்வு நாள் வரை வேறு யாருக்கும் அவர் கட்டும் மனைக்குள் நுழைய அனுமதி கிடையாது. பார்த்தவர் தன் கருத்தைச் சின்னச் சின்னப் பலகைகளில் எழுதி அங்கேயே நட்டு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாரும் விளையாட்டின் குரல் அறையில் கூடும்போது அதை வாசித்தும் காட்ட வேண்டும். கேட்டுக்கொள்கிறவர் வாதாடக் கூடாது. "நன்றி, மாத்துறேன்" என்று மட்டும் சொல்லலாம். எப்படிக் கட்டுகிறாய் என்பதற்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, சொன்னதை எப்படி வாங்கிக்கொள்கிறாய் என்பதற்கும் அவ்வளவு.

போன வருடம் ரலிட்சா தோற்றது அதில்தான். ஜோடிக்காரர் ஜன்னல் சிறியது என்றால் இவள் ஏன் சிறியது என்று விளக்கம், கூரை சரிவு போதாது என்றால் அதற்கொரு விளக்கம். கட்டத் தெரிகிறது, கேட்கத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் வாயைக் கட்டிக்கொண்டாள். யார் என்ன சொன்னாலும் நன்றி, மாத்துறேன். உள்ளே விழுங்கியதெல்லாம் எங்கேயாவது வெளியே வரத்தானே செய்யும்? அது அடுத்தவருக்குக் கருத்து சொல்லும்போது வந்தது.

இந்தமுறை அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஸஹாரி. பிளெவன் ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர், தனி ஆள். தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுமே டிராலி பஸ், அதன் டிரைவர். நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். மெதுவாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆளேற்றிக்கொண்டு வருவது போலப் பேசுவார். தேர்வுக்கு அவர் எடுத்தது ஒரு சிறிய ஊரின் ரயில் நிலையம். ரலிட்சா எடுத்தது ஒரு கல் பாலம். கட்டுநர் பதவியில் அந்த வருடம் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்.

ஜூன் மாதக் கூட்டம் ஒன்றில் அவள் பலகையை வாசித்தாள். நான் சமையலறையில் இருந்தேன்.

"ஸஹாரி அண்ணே, இது ஸ்டேஷன் சுவரா, இல்ல யாராச்சும் முட்டைக்கோஸ் ஊறுகாத் தண்ணிய ஊத்திட்டுப் போனாங்களா? இந்தப் பச்சையப் பாத்தா ரயிலே நிக்காமப் போயிடும்ணே."

குரல் அறை முழுக்கச் சிரிப்பு. அவர்களில் யாரும் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை, நகைச்சுவைக்குச் சிரித்தார்கள். நானும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்கு நல்ல வாய் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஸஹாரி கேட்டார், "ஏம்மா, உங்களுக்கு அது பச்சையாவா தெரியுது?"

"பச்சையேதான்ணே. நான் பெயின்ட் கடைக்காரி. நிறத்துல எனக்கேவா சந்தேகம்?"

பிறகு அவர், "நன்றி, மாத்துறேன்" என்றார். எந்த நிறம் போடலாம் என்று கேட்டதற்கு இவளே மனைக்குள் போய் ஒரு சுட்டமண் கட்டியைக் காட்டினாள், இளம் பாலாடை நிறம் என்று. அவர் கோடை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டியாகப் பெயர்த்து, இவள் காட்டியதை வைத்து அடுக்கினார்.

செப்டம்பரில் எங்கள் கணினியின் விசிறி கத்தத் தொடங்கியது. பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். அவர்கள் உள்ளே இருந்த மென்பொருளையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். தேர்வுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், ரலிட்சா அரைநாள் வேலை முடித்து வந்து விளையாட்டைத் திறந்தாள். நான் குளிர்காலத்துக்குச் சேமிக்கச் சுட்ட குடமிளகாய்க்குத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பில் அந்த மாதம் எல்லா பால்கனியிலும் அதே புகைதான்.

"போயான், கொஞ்சம் இங்க வா" என்றாள். குரல் சரியில்லை. கரிக் கையோடு போனேன். திரையில் ஒரு ரயில் நிலையம். "இது என்ன நிறம்னு சொல்லு."

"சாஸேஜ் செவப்பு. கறிக்கடையில தொங்குதே, அது."

அவள் விளையாட்டுக்குள் அந்த நிலையத்தைச் சுற்றி நடந்தாள். பின்புறம் கரிக்கொட்டகைக்குப் பின்னால், ஸஹாரி தன் பழைய சுவரில் ஒரு துண்டை இடிக்காமல் விட்டு வைத்திருந்தார். அதன்மேல் இவள் எழுதிய பலகைகளை எல்லாம் வரிசையாக மாட்டியிருந்தார், ஊறுகாய்ப் பலகை உட்பட. அந்தச் சுவர் மஞ்சள். எங்கள் ஊர்ப் பழைய நிலையங்களில் மாலை வெயில் விழும்போது இருக்குமே, அந்த மஞ்சள். எனக்கே தெரிந்தது அது எவ்வளவு பொருத்தம் என்று.

பிறகுதான் நினைவு வந்து சொன்னாள். குளிர்காலத்தில் அவளுக்குத் தலைவலி இருந்தது. கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று இணையத்திலிருந்து ஒரு நிறத்தொகுப்பை இறக்கி விளையாட்டின் மேல் போட்டிருந்தாள். அது அவள் திரையில் தெரிவதை மட்டும் மாற்றும், மற்றவர்களுக்கு ஒன்றும் மாறாது. சுட்டமண் கட்டிகளின் நிறத்தைத்தான் அது பெரிதாகக் கெடுத்திருந்தது. அவள் பாலம் கட்டிய கருங்கல்லையும் மரத்தையும் தொடவில்லை. அதனால் தெரியவே இல்லை. தலைவலி போனது, தொகுப்பு போகவில்லை. இப்போது கடைக்காரர் துடைத்ததில் போயிருக்கிறது. நிறத்தை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள், தன் திரைக்கு மாட்டிய கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க மறந்துவிட்டாள்.

ஒரு பலகை எடுத்து எழுதத் தொடங்கினாள். அழித்தாள். மறுபடி எழுதி மறுபடி அழித்தாள். ஒரே நாளில் அத்தனை சுவரையும் மாற்ற முடியாது. சொன்னால் தேர்வில் இவள் பெயர் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்தது.

"விளையாட்டுதானே, விடு" என்றேன். "நாளைக்கு உனக்கு இடம் கெடைக்கட்டும். அப்பறம் மெதுவா அந்தாளுகிட்ட சொல்லிக்கோ. சுவரு எங்கயும் ஓடிடாது."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்துபோய்ப் பால்கனியில் நின்றுகொண்டாள், மிளகாயைத் தொடவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நல்லது சொல்லப் போனால் என்னைக் குற்றவாளி ஆக்குகிறாளே என்று தட்டைச் சத்தமாக வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் தேர்வு. அவள் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பயிற்சிக்குத் தலைவன் யாவோர் என்றொரு கல்லூரிப் பையன். அறிவாளி, ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். முதலில் ரலிட்சாவின் பாலம். எல்லாரும் பாராட்டினார்கள். இந்த வருடம் கேட்கவும் கற்றுக்கொண்டாள் என்று யாவோர் தனியாகச் சொன்னான். அவள் "நன்றி" என்றாள்.

பிறகு ஸஹாரியின் மனைக்கதவைத் திறந்தார்கள். உள்ளே போனவர்களில் யாரோ சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினார், பின்னாலேயே வரிசையாக இன்னும் பல. யாவோர் கூரையைப் புகழ்ந்தான், நடைமேடையைப் புகழ்ந்தான். பிறகு, இவ்வளவு கட்டத் தெரிந்த மனுஷனுக்கு இந்த நிறம் எப்படி மனசுக்கு வந்தது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டா பூசினீர்கள் என்று கேட்டான். அது அவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. பதில் சொல்லியிருக்கலாம். பெயின்ட் கடைக்காரி சொன்னாள் என்று ஒரு வார்த்தை போதும்.

"நன்றி, மாத்துறேன்" என்றார் ஸஹாரி.

நான் ரலிட்சாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. இன்னொரு சிரிப்பு முகம் வந்தது. அப்புறம்தான் அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள். முதல் சிரிப்புக்கு முன்னாலேயே திறந்திருக்க வேண்டியது.

"யாவோர், நிறுத்து. அந்த நிறம் அவரோடது இல்ல, என்னோடது. நாந்தான் போட வெச்சேன். என் திரையில ஒரு நிறத்தொகுப்பு கெடந்திருக்கு, அதைக் கவனிக்காம அவரு சுவர எல்லாரு முன்னாடியும் கேலி பண்ணிட்டேன். நேத்தே தெரியும். நேத்தே சொல்லல."

இப்போது ஸஹாரி திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்ப, முன்னாடி இருந்தது மஞ்சள்தானாம்மா?" என்று கேட்டார்.

"மஞ்சள்தான்ணே. நல்ல மஞ்சள்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கரிக்கொட்டகைக்குப் பின்னாடி கொஞ்சம் விட்டு வெச்சிருக்கேன். கொஞ்சங்கூடப் பச்சை இல்லையே?"

"இல்லண்ணே. கொஞ்சங்கூட இல்ல."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. நெடு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு. பிறகு அவர் அதே நிதானத்தில், எந்தக் குறையும் சொல்லாத குரலில் பேசினார்.

"நீங்க பெயின்ட் கடைக்காரங்க, உங்களுக்குத் தப்பாத் தெரியாதுன்னு நெனச்சேன். அப்ப கண்ணு எனக்குத்தானே கெட்டிருக்கணும்? மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவன் சிக்னல்ல எப்படிம்மா வண்டிய நிறுத்துவான்? ஜனங்க ஏறுற வண்டியாச்சே. அதான் டிப்போல போயி நானே சொல்லி வண்டிய ஒப்படைச்சுட்டேன். கண்ணு டாக்டரு அக்டோபர்லதான் பாக்கறாரு. அதுவரைக்கும் பஸ்ஸு கழுவிட்டிருக்கேன்."

சுவரில் வரிசையாக மாட்டிய அந்தப் பலகைகள் திரையில் தெரிந்தன. அவள் கையெழுத்தில்லை, அச்செழுத்துதான். ஆனாலும் ஒவ்வொன்றும் அவள் குரலில் எனக்குக் கேட்டது. ரலிட்சா வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அவளுக்குப் பழக்கமான அந்த இரண்டு வார்த்தையும் இங்கே செல்லாது; எதை மாற்றுவாள்?

"சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார் ஸஹாரி. அதை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

தேர்விலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி யாவோருக்கு ஒரு வரி எழுதிவிட்டு, அவள் ஒலிவாங்கியைக் கழற்றி மேசையில் வைத்தாள். காதெல்லாம் சிவந்து கிடந்தது.

"போயான், பிளெவனுக்கு நாளைக்குக் காலைல மொத பஸ் எப்போ? அந்த டிப்போல நான் நேர்ல போயிச் சொல்லணும்."

நான் நேரம் பார்க்க எழுந்தேன். இரண்டு டிக்கெட் எடுத்தேன். சிரித்தவன் நானும்தானே.