சோஃபாவுக்கு எத்தனை அங்குலம்

லொரெட்டாவின் பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர் சோஃபா. இருபது வருஷத்து வண்டி. பச்சைச் சாயம் வெளுத்துப் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது, ரேடியோ பாதி நாள் பாடாது, ஆனால் ஓட்டம் மட்டும் வெண்ணெய். மொன்டானா மலையடிவாரத்துப் பண்ணைக் கல்யாணங்களுக்கெல்லாம் லொரெட்டாவின் நாலடுக்குக் கேக்குகள் அதில்தான் போகும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு பலகை அடித்திருந்தாள். கேக் அதில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வரும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த மகாராணி சரிந்துவிட்டாள். ஓடையோரப் பாதையில் மழை அரித்த பள்ளத்தில் வண்டியின் வயிறு கல்லில் கர்ரென்று தட்டியது. மேலடுக்கு நாலு விரல் நகர்ந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கேக்கைப் பார்த்த பார்வையை லொரெட்டாவால் மறக்க முடியவில்லை.

"அடுத்த கல்யாணமும் அதே பாதையில, இன்னும் உள்ள தள்ளி," என்றாள் மகளிடம். "ஜோரி, நீதானே எந்நேரமும் வண்டி வீடியோ பாக்குறே? நல்ல லிஃப்ட் கிட்டா ஒண்ணு பாத்து வாங்கு. வண்டி உசரணும். ஆனா சோஃபா சோஃபாவாவே இருக்கணும். கட்டாந்தரையா மாத்துனே, உன்னை அதுலயே படுக்கப் போட்டுருவேன்."

ஜோரிக்குப் பதினாறு வயசு. அம்மா இவ்வளவு பெரிய காரியத்தைத் தன்னை நம்பி விட்டது இதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதற்குப் பிறகு இறங்காததற்குக் காரணம் வேறு. இன்டர்நெட்டில் ஒருத்தன் இரண்டங்குலம் என்றான், இன்னொருத்தன் நாலு. ஒரு கிட் போட்டால் இடுப்பு ஒடியும் என்றார்கள், அதையே போட்டுவிட்டுப் பஞ்சு மெத்தை என்று சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பாள், வாங்கப் போகும் நேரத்தில் இன்னொருத்தன் சொன்னதைப் படித்துவிட்டு நீக்கிவிடுவாள்.

மாமா பையன் டாஷுக்குக் குழப்பமே கிடையாது. தன் வண்டியை ஆறங்குலம் தூக்கியிருந்தான். "ஆறு இஞ்ச் போடு. அதுக்குக் கம்மின்னா வண்டிக்குச் செருப்பு மாத்துன மாதிரிதான்."

"எங்கம்மா ஏறுறதுக்கு ஏணி வேணும்டா."

"ஏணி நான் தர்றேன்."

திங்கட்கிழமை அம்மா கேட்டாள்: "என்னாச்சு கிட்டு?"

"ஆர்டர் போட்டாச்சும்மா. வியாழக்கிழமை வந்துரும்." சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று ஜோரிக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை வந்தது. கிட் எங்கிருந்து வரும்? அம்மா மாமாவின் காரில் சர்க்கரை வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரத்தில் டாஷ் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு யோசனை சொன்னான். "கிட்டே வேணாம்டி. முன்னாடி ரெண்டு பக்கமும் சக்கரத்தைத் தாங்குற முறுக்குக் கம்பி இருக்கில்ல? அதோட போல்டைத் திருகுனா வண்டி தானா எந்திரிக்கும்."

திருகினார்கள். எழுந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு சோஃபா நின்ற அழகைப் பார்த்து இருவரும் கைதட்டினார்கள். அப்புறம் ஜோரி அதைத் தபால் பெட்டி வரைக்கும் ஓட்டிப் போனாள். திரும்பி வருவதற்குள் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. சின்னக் கல்லுக்குக்கூட வண்டி டங்கென்று இடித்தது.

அன்றிரவு ஒன்பதரை மணி. ஜூன் மாசத்து வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போகவில்லை. விடியும் முன் மாவு கலக்க வேண்டும் என்பதால் அம்மா எட்டரைக்கே தூங்கிவிட்டாள். முற்றத்து மூலையில் மறைவாக நிறுத்தியிருந்த வண்டியை அவள் இன்னும் பார்க்கவில்லை. ஜோரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு குசுகுசுத்தாள்.

"டாஷ், எனக்குப் பயமா இருக்குடா."

"போல்டைத் திரும்ப இறக்கிருவோம்."

"இறக்குனா மறுபடியும் வயிறு தட்டும். கேக்கு விழும். நான் பொய் வேற சொல்லியிருக்கேன். அம்மா இனிமே ஒரு கரண்டியக்கூட என்னை நம்பித் தர மாட்டா."

"சொல்லிருடி. நானும் வர்றேன், கூட நிக்கிறேன். ஆனா கதவு பக்கமாத்தான் நிப்பேன்."

விடிந்ததும் இருவரும் சமையலறையில் நின்றார்கள். டாஷ் சொன்னபடியே கதவு பக்கம். ஜோரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். லொரெட்டா கிரீமை அடிப்பதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொய் சொன்னதுக்கு இந்த மாசம் பூரா பாத்திரம் நீதான். இப்ப ஒண்ணு சொல்லு. ஊர்ல இருக்கிறவனையெல்லாம் எத்தனை இஞ்ச்னு கேட்டியே, என்னைக் கேட்டியா?"

அம்மாவை மட்டும் கேட்கவில்லை.

லொரெட்டா கேக் வைக்கும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். "முதல்ல அந்த மூக்கை இறக்கு." டாஷ் போல்ட்டுகளைப் பழையபடி திருகி இறக்கினான். தள்ளுவண்டியைப் பின்கதவோரம் ஒட்டி நிறுத்திவிட்டு லொரெட்டா மகளிடம் டேப்பை நீட்டினாள். "படி."

"தள்ளுவண்டி முப்பத்தாறு. உள்ள பலகை... முப்பத்துநாலு."

"பத்து வருஷமா அந்த ரெண்டு இஞ்ச்சுக்குத்தான் குனியறேன். நாப்பது பவுண்டு கேக்கைக் கையில ஏந்திக்கிட்டு."

ஜோரி டேப்பையே பார்த்தாள். இரண்டு வாரமாகத் தேடிய விடை சமையலறையில் சக்கரம் மாட்டி நின்றிருந்தது.

"ரெண்டு இஞ்ச் கிட்," என்றாள் மெதுவாக. "குலுக்கலைத் தாங்குற புது ஷாக்கோட. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மேல் கையும் சேர்த்து மாத்தணும், அப்பத்தான் இடிக்காது. பின்னாடியும் அதே அளவு தூக்கணும்."

"இதான் என் பொண்ணு. போன் பண்ணு."

மிசூலா நகரத்து உதிரிபாகக் கடை திறந்ததும் ஜோரி போன் போட்டாள். இந்த வண்டிக்கான இரண்டங்குல கிட் ஒன்றே ஒன்று இருந்தது. டாஷ் போய்க் கொண்டுவந்தான். டாஷ் வீட்டுக் கொட்டகையில் மாமாவின் ஜாக்கை வைத்துச் சாயங்காலம் வரைக்கும் மாட்டினார்கள். ஜோரியின் மூக்கெல்லாம் கிரீஸ். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை பார்த்தாள்.

சோதனைக்கு லொரெட்டா ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பச்சை ஜெல்லி செய்து பலகையில் வைத்தாள். "டாஷ், பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வா. ஜெல்லி கிழிஞ்சா கத்து."

"ஜெல்லிக்குக் காவல். எங்கப்பா கேட்டா பெருமைப்படுவாரு அத்தை."

ஜோரிதான் ஓட்டினாள். அதே பள்ளம் வந்தபோது வேகத்தைக் குறைத்தாள். வண்டி ஒரு பக்கம் இறங்கியது, ஏறியது. வயிறு தட்டும் சத்தத்துக்காக மூவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"ஜெல்லி எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள் லொரெட்டா.

"ஆடுது, ஆடுது... சிரிக்குது அத்தை! கிழியல!"

சனிக்கிழமை நாலடுக்குக் கேக் தள்ளுவண்டியிலிருந்து பலகைக்கு வழுக்கிக்கொண்டு போனது. லொரெட்டா குனியவேயில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற ஜோரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதே மறந்துபோனது. டாஷ் ஐஸ்கட்டிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு தன் ஆறங்குல வண்டியில் பின்னால் குதித்துக் குதித்து வந்தான். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பாதி தரையில் உருண்டது, அவன் காபி முழுக்கச் சட்டையில்.

கேக்கை மேசையில் வைத்ததும் கல்யாணப் பெண்ணின் அப்பா தலையைச் சாய்த்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். "அந்த ரோட்டுலயா கொண்டு வந்தீங்க? வண்டி என்னங்க வண்டி?"

லொரெட்டா ஜோரியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவளைக் கேளுங்க. இவ போட்டதுதான்."

திரும்பும்போது அவள் சாவியை மகளிடமே நீட்டினாள். பள்ளம் தாண்டி வெகுதூரம் போன பிறகு ஜோரி பக்கத்தில் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.