ஏக் லட்கி ஹை

டெல்லி வரைக்கும் லாரியில் போய்விட்டு வந்தவளிடம் தெருவே கதை கேட்டது. இசைவாணியிடம்தான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"தாஜ்மகால் பாத்தியாமே?" என்று குழாயடியில் மடக்கினாள் பக்கத்து வீட்டு லூர்தம்மாள்.

"பைபாஸ்லயே வந்துட்டோங்க்கா."

"அடிப்பாவி! ஆக்ரா வரைக்கும் போய் டயரப் பாத்துட்டு வந்துகீற!"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்து வைத்துவிட்டுக் குடத்தோடு உள்ளே வந்தாள்.

அவள் கணவன் தசரதன், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் நீள லாரியின் டிரைவர். ஏழு மாதங்களுக்கு முன், அவர்களுடைய ஒரே மகள் கவியா நான்கு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவன் நாக்பூருக்கு அந்தப் பக்கம் இருந்தான். செய்தி எட்டி, ரயிலேறி வீடு வந்து சேர்ந்தபோது குழந்தையைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வந்தவன் அழவில்லை. கைகால் கழுவிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவளும் அழவில்லை. சோறு பொங்கினாள், துணி துவைத்தாள். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் நடந்தது.

"வூட்லயே கெடந்தா பைத்தியம் புட்ச்சிரும். என்கூட வா," என்று போன மாதம் கிளீனர் சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

நான்கு வழிச் சாலைக்காக வழிநெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நெல்லூரில் இறால் குட்டைகள், ஆதிலாபாத்தில் தேக்கு மரங்கள், நாக்பூரில் குவியல் குவியலாக ஆரஞ்சு. எல்லாம் கண்ணாடிக்கு வெளியே போயின. முதுகுக்குப் பின்னால் எட்டு கார்கள், சீட்டு உறைகூடப் பிரிக்காமல், யார் யாருடைய சந்தோஷத்துக்கோ போய்க்கொண்டிருந்தன.

ஆதிலாபாத் தாண்டியதும் ஓர் இந்தி வார்த்தை அவளுக்குப் பிடிபட்டது. ஹை. பானி ஹை என்றால் தண்ணீர் இருக்கிறது. சாய் ஹை என்றால் டீ இருக்கிறது. ஏக் என்றால் ஒன்று, லட்கி என்றால் பெண் என்பதும் வழியில் காதில் விழுந்திருந்தது. அதனால்தான், சியோனியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண்மணி கையால் உயரம் காட்டிப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டபோது, அவன் சொன்ன பதில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏக் லட்கி ஹை."

ஒரு பெண் இருக்கிறாள்.

ஜான்சியிலும் அதையே சொன்னான். குவாலியரில், மதுராவில். டெல்லி போவதற்குள் நான்கு தடவை, சிரித்த முகமாகவே சொன்னான். புதைத்ததைப் பார்க்காதவனுக்கு அது சாவே இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள். சேர்ந்து துக்கப்பட ஓர் ஆள்கூட இல்லாத வீட்டில் எதற்கு இருப்பது? ஊர் திரும்பியதும், மறைமலை நகரில் வேலை பார்க்கும் தம்பி இளம்பரிதிக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாலாஜாபாத்துக்கு, அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போகச் சொன்னாள்.

இன்று ஞாயிறு. வாசலருகே பை தயாராக இருந்தது.

"எத்தினி நாளு?" என்றான் தசரதன், பையைப் பார்த்து.

"வரமாட்டேன்."

"இன்னாமே சொல்ற?"

"உனக்குத்தான் பொண்ணு கீறாளே. அவகூட இரு."

அவனுக்கு விளங்கவில்லை.

"ஏக் லட்கி ஹை. நாலு ஊர்ல சொன்னியே."

சட்டைப் பொத்தானில் இருந்த அவன் கை அப்படியே நின்றது.

"எனக்குத் தெரிஞ்ச இந்தில எல்லாத்துக்கும் ஹைதான் வாணி. பஞ்சர் ஹை. லோடு ஹை. இருந்துச்சு, போயிட்ச்சுன்னு சொல்றதுக்குத் தெரியாது. டீ குடிக்கிறதுக்கு அது தேவப்படல."

"கேட்டுத் தெரிஞ்சிக்கிறது."

"கேட்டேன். லாரி யார்டுல ஒரு பீகார்க்காரன் சொல்லிக் குட்த்தான்." சட்டைப் பொத்தானைப் போட்டான். "ஹைய எட்த்துட்டு 'தீ'ன்னு போடணுமாம். பொம்பளப் புள்ளைக்கு அப்டித்தானாம். ஏக் லட்கி தீ. அவனுங்களுக்கு அது 'இருந்தா'ன்னு அர்த்தம். நான் எப்டிமே பாப்பாவுக்குப் பக்கத்துல தீய வெப்பேன்? ஒடம்பு நெருப்பா கொதிச்சிதுன்னு நீதான சொன்ன."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நீ வர்றதுக்கு முன்ன, தனியா போச்சொல்ல வண்டில ஒரு வாட்டி அத சொல்லிப் பாத்தேன். சாகர்னு ஒரு ஊரு கிட்ட. அப்பால ஸ்டியரிங் புடிக்க முடியல. ஓரங்கட்டி ரெண்டு மணி நேரம் நின்னுட்டேன். லேட்டுன்னு மெமோ குட்த்தானுங்க."

இப்போதும் அவன் அழவில்லை. உள்ளே ஏதாவது உடையும் என்று இசைவாணி காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. ஆனால், ஏழு மாதமாக இவனும் தன்னைப் போலவேதான் நடமாடியிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது.

"இன்னா மாமா, டெல்லி ரிட்டர்ன்! அல்வா கில்வா ஒண்ணும் கெடையாதா?" என்றபடி உள்ளே வந்தான் இளம்பரிதி. "அக்கா, கெளம்பலாமா?"

"கை கழுவு. சாப்ட்டுட்டு நீ போ."

"நானா? அப்ப இந்தப் பையி?"

"துணிதான். உள்ள வை."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்து உள்ளே வைத்தான்.

அவள் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு இருக்கிறதா இல்லையா, தெரியவில்லை. கரண்டியைத் தசரதனிடம் நீட்டினாள். அவனும் ருசி பார்த்தான். வெகுநேரம் யோசித்தான்.

"தெரியல," என்றான்.

இளம்பரிதிதான் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, உப்பே போடல."