மூன்றாவது கூப்பாடு

கோர்ட் டவாலி வெள்ளைத்துரைக்கு அந்தப் புதுக் கட்டடத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷமாகத் தோளில் சிவப்புப் பட்டை மாட்டி, வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற மனிதர். பழைய கோர்ட் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். தாழ்வாரத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எதிர் டீக்கடையில் இருக்கிற சாட்சி வடையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அதை இடித்தார்கள். ஆறு வருஷம் கல்யாண மண்டபத்தில் கோர்ட் நடந்தது. கொலைக்கேஸ் கைதி மணமேடையில் நின்றான். அப்புறம் ஆமத்தூர் போகிற வழியில், ஆள் நடமாட்டமில்லாத கரிசல் காட்டில் எழுப்பினார்கள் இந்த அற்புதத்தை.

என்ன அற்புதம்! மேற்கே பார்த்து நாலு மாடிக்கும் கண்ணாடி. இந்த ஊர் வெயிலுக்கு! மத்தியானமானால் கிளார்க்குகள் தலையில் ஈரத்துண்டோடு எழுதுகிறார்கள். முகப்பில் எட்டுத் தூண்கள். தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் பொக்கு. எதையும் தாங்காமல் சும்மா நிற்கின்றன. பிளானில் சாட்சிகள் உட்கார ஓர் அறை இருந்ததாம். அங்கே இப்போது ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கிறது, சாட்சிகள் போர்டிகோவில் நிற்கிறார்கள். உச்சி மாடியில் கிரிமினல் கோர்ட். அதற்கு மேலே ஒரு குவிமாடம். ஒருத்தர் பேசினால் அதுவும் கூடவே பேசும். யார் என்ன சொன்னார் என்று டைப்பிஸ்டுக்கே விளங்காது.

“இதைக் கட்டின இன்ஜினீயரு ஒருநாளு இங்கன வந்து பேரு கூப்புடட்டும் பாப்போம்” என்பார் வெள்ளைத்துரை.

அன்றைக்குத் தாயில்பட்டிப் பட்டாசு விபத்துக் கேஸ். அறை ஒன்று வெடித்து அஞ்சு பேர் செத்துப்போனார்கள். கம்பெனி முதலாளி ராஜபாண்டியன்தான் முதல் எதிரி, ஜாமீனில் இருந்தார். பார்த்த சாட்சிகள் நாலு பேரில் மூன்று பேர் கூண்டில் ஏறி, ‘ஒண்ணும் தெரியாது’ என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் பொன்னுத்தங்கம் ஒருத்திதான். அந்த அறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவள். ‘அடுத்த தடவையும் வராவிட்டால் சாட்சியத்தை முடித்துவிடுவேன்’ என்று ஜட்ஜ் போன வாய்தாவிலேயே சொல்லியிருந்தார். அவள் பேசாவிட்டால் கேஸ் அம்புட்டுத்தான்.

காலையில் அவள் போர்டிகோவில் நின்றதை வெள்ளைத்துரை தன் கண்ணால் பார்த்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்து விழா. கட்டடம் திறந்து ஒரு வருஷமாம், அதற்கொரு கமிட்டியாம், மாலையாம், லட்டாம். அது போதாதென்று போர்டிகோவுக்கு முன்னால் பத்தாயிரம் வாலாவை விரித்துக் கொளுத்தினார்கள். வாங்கிக் கொடுத்தது யார்? ராஜபாண்டியன்! அஞ்சு பேர் செத்த கேஸில் நிற்கிற மனுசன் பட்டாசு கொடுக்கிறார், கமிட்டி பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக் கொளுத்துகிறது. தூ! வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

சத்தம் அடங்கிய பிறகு கேஸ் எடுத்தார்கள். வெள்ளைத்துரை வராந்தாவுக்கு வந்து, “பொன்னுத்தங்கம்ம்!” என்றார். குவிமாடம்தான் பதில் சொன்னது. இரண்டாம் தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினார். யாரும் வரவில்லை.

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் இப்போதே ஃபைலைக் கட்ட ஆரம்பித்திருந்தார். மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் ‘ஆஜரில்லை’ என்று எழுதுவது வழக்கம். மூன்றாவது கூப்பாட்டை எங்கே நின்று போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெள்ளைத்துரை முட்டிவலியோடு படி அத்தனையும் இறங்கினார்.

போர்டிகோவில் வெடித்த காகிதக் குப்பைக்குள் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: சத்தம் கேட்டால் செருப்பைத் தேடாதே, திரும்பிப் பார்க்காதே, வெட்டவெளிக்கு ஓடு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். உழுத காட்டின் நடுவில் அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தீயில் சுருங்கிய வலது கையால் காதைப் பொத்தியிருந்தாள்.

வெள்ளைத்துரை பட்டையைச் சரிசெய்துகொண்டு, அவள் முன்னால் நிமிர்ந்து நின்று, “பொன்னுத்தங்கம்ம்!” என்று கூவினார்.

“இந்தா இருக்கேன்லா, எதுக்கு இப்படிக் கத்துதீக?”

“மூணாவது கூப்பாடு தாயி. செருப்பைப் போட்டுக்கிட்டு வா.”

கூண்டில் ஏறியவளை வக்கீல் இளக்காரமாகப் பார்த்தார். “ஒரு சரவெடிக்கே காட்டுக்கு ஓடுற ஆளு, அன்னைக்கு அங்கே என்ன நடந்துச்சுன்னு நின்னு பாத்தியாக்கும்?”

“ஓடத்தான் செஞ்சேன்” என்றாள் பொன்னுத்தங்கம். “இங்கன வெட்டவெளி இருந்துச்சு, ஓடினேன். அங்கன முன்வாசல்கிட்ட இருந்தேன், ஓடினேன். பின்வாசல்கிட்ட இருந்த அஞ்சு பேரும் ஓடத்தான் பாத்தாக. அதைப் பூட்டி வச்சிருந்தாக. ஆளுக வெளிய போயி வேலை கெடுதுன்னு பூட்டச் சொன்னது அந்தா நிக்காகள்ல, அவுகதான்.”

ராஜபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார். டைப்பிஸ்ட் வழக்கம்போல, “சரியாக் கேக்கலைம்மா, சத்தமாச் சொல்லுங்க” என்றான்.

அவள் சத்தமாகச் சொன்னாள். ‘பூட்டச் சொன்னது அவுகதான்’ என்பதைக் குவிமாடம் இன்னொரு தரம் சொல்லியது. கோர்ட் முழுக்கக் கேட்டது.

வாசலில் நின்ற வெள்ளைத்துரை ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாந்து அந்தக் குவிமாடத்தைப் பார்த்தார்.