யார் மடித்த பாலம்

இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி கெட்டிக்காரி, மற்றவள் அப்படி இல்லை என்று முடிவுகட்டப் பள்ளிக்கு ஒரே ஒரு மதிப்பெண் போதுமாக இருந்தது. இரண்டாம் வகுப்பு மொத்தத்தையும் உட்காரவைத்துத் தேர்வு வைத்தார்கள். வரிசையாகப் படங்கள், நடுவில் ஒரு காலிக் கட்டம், அதில் எது பொருந்துமோ அந்த வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். சற்று முன்னால் பிறந்தவள் தேர்ச்சிக் கோட்டைத் தொட்டாள். பின்னால் பிறந்தவள் கோட்டுக்கு ஒன்று கீழே நின்றாள். அப்பன் வேலை செய்யும் குளிர்கிடங்கில் ஒரு பெட்டியை எந்த அடுக்கில் ஏற்றுவது என்பதைக்கூட இரண்டு தடவை சரிபார்ப்பார்கள்.

அன்றிலிருந்து பெரியவள் நடைவழியின் கடைசி அறைக்குப் போனாள். அதற்கு உயர்திறன் வகுப்பு என்று பெயர். பிள்ளைகள் அதை மூளை ரூம் என்றார்கள். அங்கே வட்ட மேசைகள், ஒரு நுண்ணோக்கி, தரையில் விரிப்பு, கேள்வி கேட்டால் அதட்டாத ஆசிரியை. சின்னவள் பழைய அறையிலேயே, மூன்று பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சில், கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். சீருடையில் வித்தியாசம் ஒன்றுதான். பெரியவளின் சட்டையில் நீல பேட்ஜ் இருந்தது. சின்னவளுக்கு அவள் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. மிச்சம்.

இந்த வருடம் மூளை ரூமில் படித்த ஒரு பையனின் குடும்பம் வேறு ஊருக்குப் போனது. ஓர் இடம் காலியானது. கோட்டை ஒட்டி நின்றவர்களுக்கு மட்டும் மறுதேர்வு என்று பள்ளி அறிவித்தது. அப்பன் ஒரு வாரம் அதையே மென்றான். கிடங்கில் தூக்குவண்டி ஓட்டும்போதும் மனசில் அதுதான் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம், வேலைக்குக் கிளம்பும் முன், பெண்டாட்டியிடம் சொன்னான்.

"பெரியவ போய் எழுதட்டும். சின்னவ பேர்ல."

அவள் கார் இருக்கை உறை தைக்கும் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தாள். "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"யாருக்குத் தெரியப்போகுது? உனக்கே சில நாள் தலையத் தடவிப் பார்த்தாத்தான் எவ எவன்னு தெரியுது."

அது உண்மை. பெரியவளுக்கு இரட்டைச் சுழி. மற்றபடி அச்சில் வார்த்ததுபோல இருப்பார்கள்.

"சின்னவளே எழுதட்டுமே. ஒரு மார்க்குதானே."

"அந்த ஒரு மார்க்க யாரு குடுப்பா? உங்கப்பனா?"

"எங்கப்பன் உயிரோட இருந்தா குடுத்திருப்பான். உங்க பரம்பரையிலதான் மார்க்கு கண்ணுலயே பட்டதில்ல."

அவன் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். "கெஞ்சிக் கேக்கறேன். ஏற்கெனவே தாண்டினவ, கண்ண மூடிக்கிட்டுத் தாண்டிடுவா. சின்னவ ஒரு காலைப்பொழுது பேட்ஜ மாட்டிக்கிட்டு அந்த ரூம்ல சும்மா உக்காந்துட்டு வரட்டும். அப்புறம் ரெண்டும் ஒண்ணாப் படிக்கும். எவளும் மிச்சமில்ல."

கடைசி வார்த்தையில் அம்மா விழுந்தாள்.

பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சின்னவள் குதித்தாள். பெரியவள் பேட்ஜின் ஊசியை நிமிண்டிக்கொண்டே கேட்டாள்:

"அவ பாஸாயிட்டா என் மேசையிலயா உக்காருவா?"

"உன் பக்கத்துலயேதான். நல்லதுதானே?"

"ம்."

"கூடப் பொறந்தவளுக்கு இதுகூடச் செய்யமாட்டியா?"

"செய்யறேம்பா."

அவன் மணியைப் பார்த்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். மகளின் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

தேர்வு நாளன்று அம்மா இருவருக்கும் சுழி தெரியாதபடி இறுக்கிப் பின்னினாள். பேட்ஜைக் கழற்றிச் சின்னவளின் சட்டையில் குத்தினாள். பெரியவளின் சட்டையில் ஊசி போட்ட இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. அம்மா அவற்றை நகத்தால் தேய்த்து மூடப் பார்த்தாள். "வாயத் திறக்காதே, என்ன?" என்று சின்னவளுக்கு வாசல்வரை சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் சின்னவள் வாயை மூடவே இல்லை.

"அப்பா, மிஸ் ரெண்டு அடுக்கு புத்தகம் வெச்சாங்க. நடுவுல இடைவெளி. ஒரே ஒரு காகிதம். அதுல பாலம் கட்டி மேல கூழாங்கல்லு வைக்கணும். எல்லாரும் சும்மா வெச்சாங்க, பொத்துனு விழுந்துடுச்சு. எனக்கு மட்டும் பஸ் ஸ்டாப் தகரக் கூரை ஞாபகம் வந்துது. அதே மாதிரி மேல கீழ, மேல கீழன்னு மடிச்சேன். கல்லு தீந்துபோச்சுப்பா, பாலம் விழல! ஏன் விழலன்னு மிஸ் கேட்டாங்க. சொன்னேன்."

"உன்ன வாயத் திறக்காதேன்னுதானேடி சொன்னேன்!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? 'இந்த வாய இத்தன நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?'ன்னு கேட்டாங்க."

அப்பன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த வாக்கிலேயே பெரியவள் பக்கம் திரும்பினான். "உனக்கு எப்படி? கேள்வி கஷ்டமா?"

"இல்லப்பா. எல்லாம் தெரிஞ்சுது."

"பார்த்தியா?" என்றான் பெண்டாட்டியிடம்.

பெரியவள் தங்கையின் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில வாரங்கள் கழித்துப் பெற்றோர் இருவரையும் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். அப்பன் இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல் சவரம் செய்துகொண்டு போனான். உயர்திறன் வகுப்பு ஆசிரியை பெரிய கண்ணாடி போட்ட இளம்பெண். நல்லவள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில், கசங்காமல், அந்தக் காகிதப் பாலம் இருந்தது. கீழே ஒட்டியிருந்த சீட்டில் பெரியவளின் பெயர்.

"முதல்ல சின்ன பொண்ணப் பத்தி சொல்லிடறேன். மறுதேர்வுல வரல."

"ஒரு மார்க்குலயா?" என்றாள் அம்மா.

ஆசிரியை தயங்கினாள். "இல்லம்மா. ஒண்ணுகூடச் சரியில்ல. முதல் தடவ அவ்வளவு கிட்ட வந்த பிள்ள. கண்ண மூடிக்கிட்டு வட்டத்தக் கருப்பாக்கியிருந்தாலும் நாலு அஞ்சு சரியா வந்திருக்கும். எல்லாமே தப்பா வரணும்னா, சரியானது எதுன்னு தெரிஞ்சிருந்தாத்தான் முடியும். அவளுக்கு வீட்ல ஏதாவது பிரச்சினையா? இங்க வர வேண்டாம்னு பயப்படறாளா?"

அம்மா அப்பனைப் பார்த்தாள். அவன் மேசையின் விளிம்பைப் பார்த்தான்.

"அடுத்தது பெரிய பொண்ணு. இங்க ஒவ்வொரு வருஷக் கடைசியிலயும் பிள்ளைங்கள மறுபடி பார்ப்போம். படக்கட்டம் குடுத்தா அவ சட்டுனு முடிச்சிடறா, மறுக்கல. ஆனா வகுப்புல பேசறதில்ல, கேக்கறதில்ல, புதுசா ஒண்ணு குடுத்தா அடுத்தவங்களப் பார்த்துட்டு உக்காந்திருக்கா. ஒரே ஒரு நாள்..." ஆசிரியை எழுந்து பாலத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தாள். "ஒரே ஒரு நாள் இதைச் செஞ்சா. எங்க பார்த்து செஞ்சா, ஏன் நிக்குதுன்னு அவளே விளக்கினா பாருங்க, நான் அன்னிக்கு வீட்டுக்குப் போயும் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்படியொரு பிள்ளைக்காகத்தான் இந்த வகுப்பே. மறுநாள்லேர்ந்து மறுபடி பழையபடி. திரும்ப மடிச்சுக் காட்டுன்னா மடிக்கத் தெரியலங்கறா. அந்த ஒரு நாள நம்பி எவ்வளவு நாள் வெச்சிருக்க முடியும்? அடுத்த வருஷம் பழைய வகுப்புக்கே அனுப்பவேண்டி வரும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அன்னிக்கு மட்டும் என்ன நடந்துது?"

அவனுக்குத் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தான். இவள் தேடுகிற பிள்ளை இதே நடைவழியில், நான்கு கதவு தள்ளி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் ஆள்மாறாட்டம். இரண்டு பிள்ளைகளின் பெயரும் பள்ளியிலிருந்து வெட்டப்படும். சொல்லாவிட்டால் பெரியவளின் இடம் மட்டும் போகும்.

"தெரியலைங்க மேடம்," என்றான். "பிள்ளைங்க மனசு."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "ஒரு மார்க்கு குறைஞ்சவள ஒண்ணுமே இல்லாதவளா ஆக்கிட்டீங்க."

வீட்டுப் படிக்கட்டிலேயே பெரியவளைப் பிடித்தான். தோளை அழுத்தி உட்காரவைத்தான். "எல்லாத்தையும் வேணும்னே தப்பாப் போட்டியா?"

அவள் மறுக்கவில்லை.

"ஏன்டி? அவ உனக்கு என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"அந்த ரூம்ல மட்டும்தாம்பா 'நீ எவ, பெரியவளா சின்னவளா'ன்னு யாரும் கேக்கல."

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. பிறகு அடிக்காமலே இறங்கியது. தேர்வுத்தாளில் அவள் போட்டது அவன் சொல்லிக்கொடுத்த பொய்யைவிடப் பெரிதல்ல என்பதால் நின்றது என்று சொல்லலாம். உண்மையில் அவனுக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது.

உள்ளே சின்னவள் காத்திருந்தாள். "அப்பா, எனக்கு எவ்வளவு?"

"கொஞ்சத்துல போச்சும்மா."

அவள் அப்பனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த அக்காவைப் பார்த்தாள். ஒரே வயிற்றில் கிடந்தவர்கள். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பெரியவள் ஒரு வெள்ளைத் தாளோடு தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீல பேட்ஜ் சட்டையில் இருந்தது. தாளை இப்படியும் அப்படியும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கைவைத்ததும் அமுங்கியது. மிஸ் இன்றைக்கும் கேட்பார்.

"எப்படி மடிச்சே? ஒரு தடவ காட்டு."

சின்னவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீதானே செஞ்சே," என்றாள். "உன் பேர்தானே எழுதி ஒட்டியிருக்கு."