ஏழாவது போல்ட்

ஏழாவது போல்ட் உடைந்ததை மெக்கானிக்குக்குக் கை சொல்லவில்லை, காதுதான் சொன்னது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்பேனர் இலேசாகச் சுற்றிக்கொண்டு போனது. எதிரே லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சினன் மூச்சை உள்ளே இழுத்தான். மாட்டிய ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, திரும்பக் கழற்றிப் பார்த்தால், போல்ட்டின் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. மீதிப் பாதி அடியிலிருக்கும் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டு, ஓர் அரிசி உயரத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"முதல் சுத்து நான்தானே மாமா முடுக்கினேன்," என்றான் மச்சினன். "ஜாஸ்தி போட்டுட்டேன் போல."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதல் சுற்றில் ஒன்றுமில்லை, கடைசிச் சுற்றில்தான் போனது, அதை முடுக்கியவன் நான் என்று. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கிவிட்டு, உடைந்த பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கழுத்து இழுத்த மிட்டாயைப் போல மெலிந்திருந்தது. அப்படி மெலிவதற்கு எவ்வளவு முடுக்கியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதிலிருந்து ஒன்றரை வருஷமாக அவன் தொட்டது எதுவும் துலங்கவில்லை. ஒரு வண்டி இருந்தால் ஓட்டிப் பிழைத்துக்கொள்வான் என்று அக்காள் நச்சரித்ததில்தான், நசுங்கிய இரண்டு கார்களைச் சேர்த்து ஒரு காராக்கும் இந்த வேலையே ஆரம்பமானது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு மாதமாக மாமனும் மச்சினனும் அதோடு மல்லுக்கட்டினார்கள். முடியும் தறுவாயில் இப்படி ஆகிவிட்டது. போல்ட்டை எடுக்க முடியாவிட்டால் பிளாக்கும் போச்சு, வண்டியும் போச்சு.

அக்காள் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு போல்ட்டை உடைத்ததுண்டா, நீ கை வைத்தாய், அத்தோடு போச்சு என்று அவனை வறுத்தெடுத்துவிட்டாள். அவன் மூன்று நாளாக ஸ்பேனரைத் தொடவே இல்லை. கவிழ்த்துப்போட்ட டப்பாவின் மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே உட்கார்ந்து மெக்கானிக் மூன்று வேளையும் சாப்பிட்டார். சோறு இறங்கத்தான் செய்தது, அதுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது.

கைக்கணக்குக்குப் பேர் போனவர் அவர். எவ்வளவு முடுக்கினால் போதும் என்று சொல்லும் அளவுகோல் ஸ்பேனரை வைத்திருக்கும் மெக்கானிக்குகளைப் பார்த்து, மணியடித்தால்தான் உங்களுக்குப் பசிக்குமா என்று கேலி செய்வார். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே வாஷரின் அளவைச் சொல்வார். போன மழைக்காலத்தில் வலது சுண்டுவிரல் மரத்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற விரல்கள். இப்போது பாதி உள்ளங்கை வரைக்கும் வேறு யாரோ கழற்றிப் போட்ட கையுறையை மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. சட்டைப் பொத்தான் போட வராததால் பனியனோடு திரிந்தார். மனைவி அதைப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பெயர் சொல்வார்கள், பெயர் வந்துவிட்டால் தொழில் போய்விடும் என்று பயந்து அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் வெல்டிங் மெஷினை இழுத்து வந்தார். துளைபோட்டு எடுக்கலாம்தான். ஆனால் துளை நூலளவு ஒதுங்கினாலும் பிளாக் பாழ், அதற்குக் கை பேச வேண்டும். வெல்டிங் கண்ணால் செய்கிற வேலை. நீட்டிக்கொண்டிருந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுவில் பற்றவைத்தார். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மனைவி வீட்டுப் பின்வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்து தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள்.

மூன்றாவது நட்டு பிடித்தது. சிவப்பு அடங்கிக் கறுத்ததும் தோல் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பேனரைப் போட்டார். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். கிரீச்சென்று முனகிவிட்டு போல்ட் அசைந்தது.

"வருது மாமா," என்றான் மச்சினன். மூன்று நாளில் அவன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. தப்பித்துவிட்டோம், யாருக்கும் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று உள்ளே ஒரு குதி. போல்ட்டின் கடைசி மரைச் சுற்றை எப்போதும் விரலால்தான் கழற்றுவார். அதே பழக்கத்தில் ஸ்பேனரை வைத்துவிட்டு, நட்டோடு சேர்த்து போல்ட்டைச் சுற்றி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மச்சினன் பக்கம் நீட்டினார்.

"இந்தா, பாத்துக்கோ."

மச்சினன் போல்ட்டைப் பார்க்கவில்லை. கருகிய வாடை முதலில் அவனுக்குத்தான் எட்டியது.

"மாமா, சுடலையா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். உள்ளங்கையிலிருந்து மெல்லியதாகப் புகை வந்துகொண்டிருந்தது. கையை உதறினார். போல்ட் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு, காருக்கு அடியில் போய் நின்றது. அதற்கும் பிறகுதான் ஆ என்று கத்தினார். அந்தக் கத்தல் பொய் என்பது கொட்டகையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

மச்சினன் டப்பாவின் மேல் மெல்ல உட்கார்ந்தான். ஏழாவது ஓட்டையைப் பார்த்தான், மாமாவின் கையைப் பார்த்தான். கோபமா வேறு ஏதாவதா என்று அவன் முகத்தில் படிக்க முடியவில்லை.

மனைவி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெந்த இடத்தை விட்டுவிட்டு, விரல்நுனிகளை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தத் தொடங்கினாள்.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க. இது எந்த விரல்?"

அவர் கண்ணை மூடவில்லை. குனிந்து கையைப் பார்க்கத் துணியாமல், அவள் கண் எந்த விரலின் மேல் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அவளோ விரல்களைப் பார்க்காமல், அவர் முகத்தையே பார்த்தபடி அழுத்திக்கொண்டிருந்தாள்.